கல்யாண ஆல்பம் வேலைக்கு உயர்தர லேப்டாப்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

லேப்டாப் வாங்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வரும் போட்டோகிராஃபர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஐ7 போதுமா, ஐ9 வேண்டுமா?" என்பதைத்தான். படம் திருத்தும் வேலைக்கு அது ஆறாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பிராசசருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மணப்பெண்ணின் முக நிறத்தைக்கூட ஒழுங்காகக் காட்டாத திரையோடு மூன்று வருடம் மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

அதில் கற்றது இதுதான்: வாங்கிய பிறகு மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள். திரை மாறாது. கிராபிக்ஸ் சிப் மாறாது. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் ராமும் போர்டிலேயே ஒட்டித்தான் வருகிறது. விண்டோஸ் லேப்டாப் என்றால் ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மட்டும் பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கல்யாணம் எடுத்து, லைட்ரூமில் நிறம் திருத்தி, போட்டோஷாப்பில் 12×36 ஆல்பம் போடுகிற ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பட்ஜெட் ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்

கேமரா எத்தனை மெகாபிக்சல், ஒரு கல்யாணத்துக்கு எத்தனை ஃப்ரேம், ஆல்பம் எந்த அளவு, எந்தெந்த மென்பொருள், எந்த இடத்தில் உட்கார்ந்து வேலை. இந்த ஐந்துக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் மாடல் தேட வேண்டும். கடைக்காரருக்கு உங்கள் வேலை தெரியாது. தெரியாதபோது அவர் கேமிங் லேப்டாப்பைத்தான் எடுத்து வைப்பார்.

ஒரு மாதிரிக் கணக்கு: இரண்டு கேமராவில், ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்ந்து 3,500 படம். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் மூல ஃபைல்) ஒன்று சுமார் 30 எம்பி என்றால் 105 ஜிபி. 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஃபைல் 50 எம்பி என்று வைத்தால் 175 ஜிபி. இந்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏழாவது படியில் தேவைப்படும்.

பட்ஜெட்டையும் இப்போதே பிரித்துவிடுங்கள். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் காலிபிரேட்டர், வெளி எஸ்எஸ்டி ஒன்று, பேக்அப்புக்கு ஹார்ட் டிஸ்க் ஒன்று. இவற்றுக்கான தொகையை ஒதுக்கிவிட்டு மீதிதான் லேப்டாப்புக்கு. எல்லாப் பணத்தையும் லேப்டாப்பில் போட்டுவிட்டு "காலிபிரேட்டர் அடுத்த சீசனில்" என்று சொன்னவர் யாரும் அடுத்த சீசனில் வாங்கி நான் பார்த்ததில்லை.

2. மேக்கா, விண்டோஸா?

இதை முதலிலேயே தீர்த்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா எண்களும் இதைப் பொறுத்து மாறும். லைட்ரூமும் போட்டோஷாப்பும் இரண்டிலும் நன்றாக ஓடும். சிக்கல் சுற்றியுள்ள சின்னச் சின்ன மென்பொருள்களில்தான். ஆல்பம் டிசைன் மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆல்பத்தில் பெயர் போட பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை அழகி, என்எச்எம் ரைட்டர் வழியாகத் தட்டச்சு செய்து பழகியவர்களுக்கும் இதே கதைதான். அவை விண்டோஸுக்கு எழுதப்பட்டவை.

மேக்புக் ப்ரோவின் பலம் திரையும் பேட்டரியும். 2021இலிருந்து வரும் 14, 16 அங்குல மாடல்களில் மினி எல்இடி திரை (பின்னாலிருந்து சின்னச் சின்ன விளக்குகள் ஒளியூட்டுவது) இருக்கிறது, எஸ்டி கார்டு ஸ்லாட் இருக்கிறது, சார்ஜரைப் பிடுங்கினாலும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. குறை என்னவென்றால் ராமும் சேமிப்பும் வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை. கூட்டிக் கேட்டால் விலை ஏறும் வேகம் வயிற்றைக் கலக்கும்.

ஸ்நாப்டிராகன் பிராசசர் வைத்த விண்டோஸ் லேப்டாப்களைப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பேட்டரி அருமை. ஆனால் உங்கள் பிளக்இன்களும் காலிபிரேட்டர் மென்பொருளும் அதில் ஓடுமா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

3. திரை: பாதி முடிவு இங்கேதான்

விளம்பரத்தில் "2.5கே, 165 ஹெர்ட்ஸ்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஹெர்ட்ஸ் விளையாட்டுக்காரர்களுக்கு. நமக்கு வேண்டியது அந்தத் திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பது.

விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" (என்டிஎஸ்சி என்பது திரையின் நிறப் பரப்பை அளக்கும் பழைய அளவுகோல்) என்று இருந்தால் அந்த மாடலை மூடி வைத்துவிடுங்கள். அது, இணையப் படங்களுக்கும் அச்சுக்கும் பொதுவாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுசாகக் காட்டாது. அந்தத் திரையில் காஞ்சிபுரம் பட்டின் அரக்குச் சிவப்பு மங்கலாகத் தெரியும், நீங்கள் சிவப்பை ஏற்றுவீர்கள், ஆல்பத்தில் மாப்பிள்ளை முகமும் சேர்ந்து சிவந்து வரும். என் முதல் லேப்டாப்பில் இப்படித்தான் 40 தாளையும் மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது.

"72% என்டிஎஸ்சி" என்றால் ஏறக்குறைய 100% எஸ்ஆர்ஜிபி. இது குறைந்தபட்சம். இந்த பட்ஜெட்டில் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான டிசிஐ-பி3 நிறவெளியில் 95 சதவீதத்துக்கு மேல் காட்டும் திரை கிடைக்கும், அதையே கேளுங்கள். இன்னோர் அகலமான நிறவெளியான அடோபி ஆர்ஜிபி 100% வேண்டுமா? கலர் லேப்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்கைத்தான் கேட்கின்றன. சொந்தமாக நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் வைத்துச் சுவர்ப்படம் அச்சடிப்பவர் தவிர மற்றவர்கள் அதற்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

டெல்டா ஈ என்று ஓர் எண் போட்டிருக்கும். உண்மையான நிறத்துக்கும் திரை காட்டும் நிறத்துக்கும் உள்ள தூரம் அது. 2க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் அது தொழிற்சாலையில் அளந்த நாளின் எண். திரை பழகப் பழக நிறம் நகரும் என்பதால்தான் காலிபிரேட்டர் வேண்டும் என்கிறேன்.

அளவு: 16 அங்குலத்துக்கு 2560×1600 போதும். 3840×2400 எடுத்தால் லைட்ரூம் ஒவ்வொரு முறையும் இரண்டு மடங்குக்கும் அதிகமான புள்ளிகளை வரைய வேண்டும். ஸ்லைடரை இழுத்தால் படம் பின்னாலேயே தள்ளாடி வரும், பேட்டரியும் கரையும். 16:10 விகிதம் நல்லது, டூல்பாருக்குக் கீழே படம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

ஓஎல்இடியா, ஐபிஎஸ்ஸா? ஐபிஎஸ் பின்விளக்குள்ள எல்சிடி வகை, ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். ஓஎல்இடியில் கறுப்பு நிஜமான கறுப்பு, பார்க்கக் கொள்ளை அழகு. அதுதான் ஆபத்தும். திரையில் தெரிகிற அந்த ஆழம் ஆல்பம் காகிதத்தில் வராது. தவிர, ஒளியைக் குறைத்து வைத்தால் பல ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து எரிந்து ஒளியைக் கட்டுப்படுத்துகின்றன. சிலருக்கு ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கும். லைட்ரூமின் பக்கப் பட்டைகள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தடம் விழும் அபாயமும் உண்டு. நாள் முழுக்க ஒரே மென்பொருளில் உட்காருகிறவருக்கு நான் நல்ல ஐபிஎஸ் அல்லது மினி எல்இடியைத்தான் சொல்வேன். பளபளப்பில்லாத மேட் பூச்சு கிடைத்தால் அதையே எடுங்கள். மண்டபத்து டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அருமை தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வேலையில் 80 சதவீதம் வீட்டு மேசையில்தான் என்றால், சுமாரான திரையுள்ள லேப்டாப்போடு 27 அங்குல வெளி மானிட்டர் ஒன்றை வாங்கிக் காலிபிரேட் செய்வது மலிவு, கழுத்துக்கும் நல்லது. லேப்டாப் திரைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டியது ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறவர்தான்.

4. ராம்: 32 ஜிபி, கணக்கோடு

ஏன் 32? 45 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் போட்டோஷாப்பில் திறந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் 6 பைட். ஒரு லேயருக்கே சுமார் 270 எம்பி. எட்டு லேயர் போட்டால் 2 ஜிபியைத் தாண்டும், ஹிஸ்டரி தனி.

ஆல்பம் தாள் இதைவிடக் கனம். 12×36 அங்குலத்தை 300 டிபிஐயில் திறந்தால் 10,800×3,600, அதாவது கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல். அதற்குள் பத்துப் படங்களை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்தால் ஒவ்வொன்றும் தன் முழு அளவோடு உள்ளே உட்கார்ந்திருக்கும். இரண்டு தாள் திறந்திருக்க, பின்னால் லைட்ரூம், கூடவே பாட்டுக்கு ஒரு பிரவுசர். 16 ஜிபி இங்கேயே மூச்சுத் திணறும். மூச்சுத் திணறினால் எஸ்எஸ்டியை ராமாகப் பயன்படுத்தத் தொடங்கும், அப்போது எந்தப் பிராசசர் இருந்தாலும் காத்திருப்புதான்.

பனோரமா, ஃபோகஸ் ஸ்டாக்கிங், வீடியோ எடிட்டிங் என்று போகிறவர்கள் 64 ஜிபி எடுக்கலாம். ஆல்பம் வேலைக்கு மட்டும் என்றால் 32க்கு மேல் போடும் பணத்தைத் திரைக்குத் தாருங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: ராம் ஒட்டியதா, ஸ்லாட்டா? எல்பிடிடிஆர்5எக்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் ஒட்டியது, அன்றே 32 எடுத்துவிடுங்கள். டிடிஆர்5 ஸ்லாட் என்றால் 16 எடுத்துப் பின்னால் கூட்டலாம். ஆனால் கடையில் ஒரே ஒரு குச்சி மட்டும் போட்டுத் தருவார்கள். இரண்டு குச்சி இருந்தால்தான் நினைவகம் இரண்டு வழியில் ஓடும். இன்டலின் பெயரில் கடைசியில் 'வி' வருகிற 258வி போன்ற சிப்களில் ராம் பிராசசரோடேயே இருக்கிறது. 32 ஜிபிதான் அதன் உச்சம்.

மேக்கில் கிராபிக்ஸும் இதே நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்பதால், 24 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள்.

5. கிராபிக்ஸ்: பெயரைவிட வாட் முக்கியம்

சில வருடங்களுக்கு முன் "போட்டோ வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டு எதற்கு?" என்று நானே சொல்லியிருக்கிறேன். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் படத்தின் இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்ததும் அந்தப் பேச்சு செல்லாமல் போனது. மங்கிய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த ஒரு படத்துக்கு, தனி கிராபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் சிப்பில் அது நொடிக்கணக்கு. இருநூறு படத்துக்குப் போட்டால் ஒரு ராத்திரிக்கும் ஒரு டீக்கும் உள்ள வித்தியாசம்.

8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060 இந்த வேலைக்குத் தாராளம். 4070க்கும் லேப்டாப்பில் அதே 8 ஜிபிதான். 4050 என்றால் 6 ஜிபி, தள்ளிவிடலாம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது: லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060ஐ 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எது என்று லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. இரண்டுக்கும் ஸ்டிக்கரில் ஒரே பெயர். மெல்லிய உடம்புக்குள் குறைந்த வாட்டில் அடங்கிய 4070, நல்ல காற்றோட்டமுள்ள 4060யிடம் தோற்றுப்போகும். கம்பெனி இணையதளத்தின் விவரப் பக்கத்தில் டிஜிபி (கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் உச்ச வாட்) என்ற எண்ணைத் தேடுங்கள், 80க்கு மேல் இருந்தால் போதும்.

6. பிராசசர்

சரி, இப்போது அந்த ஐ7 கேள்விக்கு வருவோம். பிரிவ்யூ கட்டுவது, ஆயிரக்கணக்கில் ஜேபெக் ஏற்றுமதி செய்வது இவற்றில் பிராசசர் வேகம் தெரியும். பெயரின் கடைசியில் 'எச்' வருகிற இன்டல் சிப், அதற்கு நிகரான ஏஎம்டி ரைசன், மேக்கில் ப்ரோ வகை எம் சிப், எதுவானாலும் கடந்த இரண்டு தலைமுறைக்குள் இருந்தால் போதும். 'எச்எக்ஸ்' வகை கனமான கேமிங் லேப்டாப்களுக்கு உரியது. வேகம் கொஞ்சம் கூடும், சூடும் சார்ஜரும் நிறையவே கூடும்.

7ஐ விட்டு 9க்குப் போகக் கேட்கும் பணத்தில் ஒரு காலிபிரேட்டர் வாங்கிவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

7. எஸ்எஸ்டி: முதல் படியின் எண்ணை எடுங்கள்

ஒரு கல்யாணத்துக்கு 105 ஜிபி ரா, அதோடு ஆல்பம் பிஎஸ்டி ஃபைல்கள், பிரிவ்யூ. சுமார் 150 ஜிபி. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே சமயத்தில் ஆறு கல்யாணம் கையில் நிற்கும், அதுவே 900 ஜிபி. 1 டிபி லேப்டாப் இங்கே முட்டிவிடும். எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இல்லாவிட்டால் எழுதும் வேகம் சரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 45 மெகாபிக்சல்காரர் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் 2 டிபி. விண்டோஸில் எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிற மாடலைத் தேடினால் 1 டிபியோடு வாங்கி, பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். என் பார்வையில் இதுதான் பணத்துக்குச் சரி. லைட்ரூமின் கேட்டலாக் (திருத்தங்களின் பதிவேடு), நடப்பு வேலை உள்ளே. முடிந்த வேலை வெளி டிஸ்க்கில்.

வெளி எஸ்எஸ்டியைக் கூடவே கொண்டு போக மறந்தாலும் வேலை நிற்காமல் இருக்க, லைட்ரூமில் ஸ்மார்ட் பிரிவ்யூ (ரா ஃபைலின் சின்ன நகல்) கட்டி வைத்துவிடுங்கள். மூல ஃபைல் இல்லாமலேயே நிறம் திருத்தலாம்.

8. போர்ட்களும் கார்டு ஸ்லாட்டும்

யுஎஸ்பி-சி என்பது வெறும் வடிவத்தின் பெயர். அதே ஓட்டை 5 ஜிபிபிஎஸ்ஸும் இருக்கலாம், 40ம் இருக்கலாம். குறைந்தது ஒரு போர்ட்டாவது யுஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட் 4 என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வேகமான கேமரா கார்டு வகையான சிஎஃப் எக்ஸ்பிரஸின் ரீடருக்கும் வெளி மானிட்டருக்கும் அது வேண்டும்.

எஸ்டி ஸ்லாட் இருந்தால் அது வேகமான யுஎச்எஸ்-2 வகைதானா என்று கேளுங்கள். யுஎச்எஸ்-1 ஸ்லாட்டில் நொடிக்கு 90 எம்பி என்று வைத்தால் 128 ஜிபி கார்டைக் காலி செய்ய 24 நிமிடம். நல்ல யுஎச்எஸ்-2 கார்டும் ஸ்லாட்டும் சேர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். நான்கு கார்டோடு நள்ளிரவில் மண்டபத்திலிருந்து வந்தவருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். ஸ்லாட் இல்லை என்பதற்காக நல்ல லேப்டாப்பை விடவும் வேண்டாம், தனி ரீடர் வாங்கிக்கொள்ளலாம்.

9. சூடும் சார்ஜரும்

ஏசி இல்லாத அறையில் மே மாதம் ஏற்றுமதி போட்டுப் பாருங்கள், மெல்லிய லேப்டாப்பின் உண்மை தெரிந்துவிடும். சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் விமர்சனங்களில் முதல் நிமிட எண்ணைப் பார்க்காதீர்கள், அரை மணி நேரம் ஓட்டியபின் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஆர்டிஎக்ஸ் லேப்டாப்பின் சார்ஜர் ஒரு செங்கல். எடை பார்க்கும்போது அதையும் சேர்த்துத் தூக்குங்கள். பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் வேகம் வெகுவாகக் குறையும், அது பழுது இல்லை. 100 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரிலும் சார்ஜ் ஆகும் மாடல் என்றால் பயணத்தில் செங்கலை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

10. பணம் கட்டும் முன்: முழு மாடல் எண்

ஒரே பெயரில், ஒரே நிற உடம்பில், மூன்று விதமான திரையோடு லேப்டாப்கள் விற்கின்றன. இணையத்தில் புகழ்கிற விமர்சனம் பி3 திரை உள்ளதைப் பற்றி இருக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் கைக்கு வருவது 45% திரை உள்ளதாக இருக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் நீளமான மாடல் எண்ணை முழுசாகக் கம்பெனி தளத்தில் போட்டுத் திரை, ராம், டிஜிபி மூன்றையும் ஒப்பிட்ட பிறகுதான் பணம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் எண்ணைப் பில் போடும் முன்பே கொடுத்துவிடுங்கள். லேப்டாப்புக்கு 18% வரி, அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். பிறகு பில்லை மாற்றச் சொன்னால் கடையில் இழுத்தடிப்பார்கள். வாரண்டியில் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையும், கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடுசெய்யும் சேவையும் கிடைத்தால் எடுங்கள். மண்டபத்தில் காபி டம்ளர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

முகூர்த்த மாதத்தின் நடுவில் மட்டும் வாங்காதீர்கள். ஆடியிலோ மார்கழியிலோ வாங்கினால், மாற்றவோ திருப்பித் தரவோ நேரம் இருக்கும், தலையில் டெலிவரித் தேதியும் தொங்காது.

11. முதல் வாரம்

பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள், திருப்பித் தரும் கெடு முடியும்வரை. முதல் நாள் முழு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலப் படங்களைத் திரை முழுக்கப் போட்டுச் செத்த புள்ளியும் ஒளிக்கசிவும் தேடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் ராமின் வழிகளையும் திரையின் மாடலையும் காட்டும். என்விடியா கண்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கிராபிக்ஸின் உச்ச வாட் தெரியும்.

அடுத்து, தானாக நிறத்தையும் ஒளியையும் மாற்றுகிற எல்லாவற்றையும் அணையுங்கள். விண்டோஸில் நைட் லைட், எச்டிஆர், படத்துக்கேற்ப ஒளியை மாற்றும் வசதி, ஏஎம்டியில் வேரி-பிரைட். மேக்கில் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட். இவை ஓடிக்கொண்டிருக்கையில் காலிபிரேட் செய்தால் நகர்கிற தராசில் நகை நிறுப்பது போலத்தான்.

அதன் பிறகு காலிபிரேட்டர். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, ஒளி 100 முதல் 120 நிட்ஸ். முதலில் பார்க்கத் திரை இருட்டாகத் தோன்றும், இரண்டு நாளில் கண் பழகிவிடும். "ஆல்பம் எப்போதும் இருட்டாகவே வருகிறது, லேப் சரியில்லை" என்று புலம்புகிறவரின் லேப்டாப்பைப் பார்த்தால் ஒளி நூற்றுக்கு நூறில், 400 நிட்ஸில் இருக்கும். பிரகாசமான திரையில் படம் வெளிச்சமாகத் தெரிகிறது என்று அவரே எக்ஸ்போஷரைக் குறைத்திருப்பார், லேப் அதை அப்படியே அச்சடித்திருக்கும்.

கடைசியாக, பழைய கல்யாணம் ஒன்றிலிருந்து 500 ரா ஃபைலை ஏற்றுமதி போடுங்கள். முதல் நூறுக்கு ஆன நேரத்தையும் கடைசி நூறுக்கு ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நூறுக்கு ஒன்றரை மடங்கு ஆனால் குளிர்விப்பு போதவில்லை, கெடு முடியும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். அதே படங்களில் ஐந்தை, பட்டுப்புடவையும் மஞ்சள் பூசிய முகமும் உள்ளதாகப் பார்த்து, எஸ்ஆர்ஜிபியில் உங்கள் லேப்புக்கு அனுப்பி 8×12 அளவில் அச்சடித்து வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகமும் சிவப்பும் ஒத்துப்போனால் பெட்டியைப் பரணில் போடலாம்.